எட்டாயிரம் அடிக்கு ஒரு கையெழுத்து

பொம்மசந்திராவிலிருந்து சந்தாபுரா வரை ஓசூர் சாலையோரம் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் கண்ணில் படும். நாராயணா ஹெல்த் சிட்டிக்கு வரும் நோயாளிகளும் அவர்களுடைய வீட்டாரும்தான் அதற்குக் காரணம். இதய வால்வு மாற்றவும், பைபாஸ் செய்துகொள்ளவும், குழந்தையின் இதயத்தில் உள்ள ஓட்டையை அடைக்கவும் மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் மக்கள் பல ஆண்டுகளாக இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லோரும் உடனே ஊருக்குக் கிளம்பிவிடுவதில்லை. அக்கம்பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, தையல் பிரித்து, மறுபரிசோதனை முடித்துவிட்டு, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் புறப்படுகிறார்கள். அப்போது விமான நிறுவனம் ஒரு தாளைக் கேட்கிறது. இவர் பறக்கத் தகுதியானவர் என்று ஒரு டாக்டர் கையெழுத்திட்டுத் தரவேண்டும்.

அந்தக் கையெழுத்தைப் போடுபவர் அறுவை செய்த நிபுணராகத்தான் இருப்பார் என்பதில்லை. இந்தச் சாலையில் இருக்கும் ஏதோவொரு சிறிய நர்சிங் ஹோமின் ட்யூட்டி டாக்டராகவும் இருக்கலாம். அவர் நாடி பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார், விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அவர் பார்த்தது சந்தாபுராவில் உட்கார்ந்திருக்கும் நோயாளியை. கையெழுத்து போடுவதோ வானத்தில் உட்காரப்போகும் நோயாளிக்கு. அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே உடம்புக்குள் என்ன மாறுகிறது என்பதைச் சொல்லும் துறைதான் விமான மருத்துவம். எம்.பி.பி.எஸ். முதலாண்டில் பலரும் படிக்கும் கைட்டன் உடலியங்கியல் நூலில் இதற்கென ஓர் அத்தியாயம் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் பெரும்பாலோர் அதை மறுபடி திறப்பதில்லை.

விமானம் 35,000 அடியில் பறக்கும்போது வெளியே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கால் பங்குகூடத் தேறாது. அதனால் கேபினுக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனால் கடல்மட்ட அளவுக்கு நிரப்புவதில்லை. அப்படி நிரப்பினால் உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருப்பதற்கும் வித்தியாசம் மிகுந்துபோகும், அதைத் தாங்க விமானத்தின் உடலைக் கனமாகக் கட்டவேண்டி வரும். ஒவ்வொரு பயணத்திலும் அந்த உலோகச் சுவர் ஒருமுறை உப்பி ஒருமுறை தளர்கிறது. 1954இல் இரண்டு கோமெட் விமானங்கள் நடுவானில் சிதறிய பிறகுதான் இந்த உலோகக் களைப்பு எவ்வளவு கொடியது என்பது உலகத்துக்கு உறைத்தது. சுவரின் இந்தப் பளுவைக் குறைக்கவே ஒரு சமரசம் இருக்கிறது: வழக்கமான பயணத்தில் கேபினின் அழுத்தம் 8,000 அடி உயரத்தில் உள்ள அளவுவரை குறையலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. 8,000 அடி என்பது ஊட்டிக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் இடைப்பட்ட உயரம். போயிங் 787 போன்ற புதிய விமானங்களில் இது சுமார் 6,000 அடி, ஏறக்குறைய கோத்தகிரி. சென்னையில் ஏறி உட்கார்ந்தவர் அரை மணி நேரத்துக்குள் ஊட்டிக்கு மேலே போய்விடுகிறார். மலைப்பாதையில் பஸ்ஸில் போயிருந்தால் காது அடைத்து, மூச்சு மாறி, உயரம் ஏறுவது தெரிந்திருக்கும். விமானத்தில் தட்டில் சாப்பாடு வருகிறது, யாருக்கும் எதுவும் தோன்றுவதில்லை.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் 21 சதவீதம்தான். குறைவது அதைத் தள்ளும் அழுத்தம். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம், 8,000 அடியில் சுமார் 565. மூச்சுக்குழாயில் நீராவி ஒரு பங்கையும் நுரையீரலின் நுண்ணறைகளில் கரியமில வாயு ஒரு பங்கையும் எடுத்துக்கொண்ட பிறகு, ரத்தத்தைத் தொடும் ஆக்சிஜனின் அழுத்தம் கடல்மட்டத்தில் ஏறத்தாழ 100, கேபினில் 65 அளவுக்கு. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இருந்தும் நல்ல உடம்புக்காரர் தூங்கிக்கொண்டு போவதற்குக் காரணம் ஹீமோகுளோபினின் ஒரு விசித்திரமான குணம். அழுத்தம் 100இலிருந்து 65க்கு இறங்கும்போதும் அது தன் சுமையை அவ்வளவாக விடாது. 97 சதவீதம் நிரம்பியிருந்தது 90க்குச் சற்று மேலே வந்து நிற்கும். ஆனால் 60க்குக் கீழே இறங்கினால் வழுக்கல். அங்கிருந்து அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் ஆக்சிஜன் மளமளவென்று கொட்டிப்போகும்.

இப்போது அந்த நோயாளியிடம் வருவோம். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள ஒருவருக்குத் தரையிலேயே ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலில் மாட்டிய கருவி 93 அல்லது 94 காட்டும். டாக்டர் திருப்தியடைவார். ஆனால் நோயாளி அந்த வழுக்கலுக்கு முந்தைய சமதளத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறார். கேபின் அவரை வழுக்கலில் தள்ளிவிடும். இதைத் தரையிலேயே கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. 15 சதவீத ஆக்சிஜன் மட்டுமே உள்ள கலவையை இருபது நிமிடம் சுவாசிக்கவைத்துப் பார்ப்பது. கடல்மட்டத்தில் 15 சதவீதம் என்பது 8,000 அடியில் 21 சதவீதத்துக்குச் சமம். அப்போது ஆக்சிஜன் அளவு எங்கே இறங்குகிறது என்று பார்த்தால், விமானத்தில் கூடுதல் ஆக்சிஜன் ஏற்பாடு செய்யவேண்டுமா என்பது தெரிந்துவிடும்.

ரத்தசோகையும் இதே கணக்கில் சேரும், நம் நாட்டில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 15 கிராம் உள்ளவர் ஒவ்வொரு 100 மில்லிலிட்டர் ரத்தத்திலும் 20 மில்லிலிட்டர் சுமக்கிறார், 7.5 கிராம் உள்ளவர் 10 மட்டும். இருவருக்கும் விரல் கருவி 98 என்றே காட்டும். கருவி நிரம்பிய விகிதத்தைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. பெரிய அறுவை முடிந்து ரத்தம் குறைந்திருக்கும் ஒருவரை விமானத்தில் ஏற்றும்போது இந்த வித்தியாசம் உயிரோடு சம்பந்தப்பட்டது.

ஆக்சிஜனைவிட அவசரமான ஆபத்து இன்னொன்று: உடம்புக்குள் அடைபட்ட காற்று. அழுத்தம் குறைந்தால் வாயு விரியும், பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதிதான். இங்கே சந்தாபுராவுக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. பெங்களூரு வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தமே 680 அளவுதான். உடம்பின் ஈரத்துக்குரிய நீராவி அழுத்தமான 47ஐக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால், சென்னையில் அடைபட்ட காற்று 8,000 அடி கேபினில் ஏறத்தாழ 38 சதவீதம் விரியும்; சந்தாபுராவில் அடைபட்டது சுமார் 22 சதவீதம்தான். அதே நோய், அதே விமானம், ஏறும் ஊர் வேறு. கொல்கத்தாவிலோ டாக்காவிலோ அறுவை முடிந்து அங்கிருந்து பறப்பவருக்கு விரிவு கூடுதல் என்பது இதிலிருந்து தெரியும். ஆக்சிஜன் விஷயத்தில் பெங்களூருக்காரர் தரையிலேயே கொஞ்சம் குறைவாகத் தொடங்குகிறார் என்பதால், விரல் கருவி இங்கே காட்டும் எண்ணைச் சென்னையில் காட்டும் எண்ணோடு அப்படியே ஒப்பிடவும் கூடாது.

விரியும் காற்று எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குடலில் இருந்தால் வயிறு உப்பும், அவ்வளவுதான். ஆனால் குடலைத் தைத்துச் சில நாளே ஆகியிருந்தால் அந்தத் தையல் இழுபடும். நெஞ்சைத் திறந்து இதய அறுவை செய்தவருக்கு நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று தங்கியிருக்கலாம். தரையில் தொந்தரவு தராத அந்தக் காற்று மேலே போனதும் நுரையீரலை நசுக்கலாம். பைபாஸ் முடிந்தவரைக் குறைந்தது பத்து நாளாவது பொறுக்கச் சொல்வதும், நுரையீரல் உறையில் காற்று புகுந்தவரை எக்ஸ்ரேயில் அது முழுவதும் மறைந்த பிறகும் ஒரு வாரம் காக்கவைப்பதும் இதனால்தான். விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயுக்குமிழி வைத்து அனுப்பப்பட்டவர் அந்தக் குமிழி கரையும்வரை பறக்கவே கூடாது. விரியும் குமிழி கண்ணின் அழுத்தத்தை ஏற்றி, பார்வை நரம்புக்கு ரத்தம் போகாமல் செய்துவிடும். ஏர் ஆம்புலன்ஸில் மயக்கநிலை நோயாளியை ஏற்றும்போது தொண்டைக்குழாயைச் சுற்றியிருக்கும் சிறு பலூனில் காற்றுக்குப் பதில் உப்புநீர் நிரப்பும் வழக்கம் உண்டு. நீர் விரியாது. அனுபவமுள்ளவர்களுக்கு இது அனிச்சையாக வரும், மற்றவர்களுக்கு யாராவது ஒருமுறை சொல்லியிருக்கவேண்டும்.

இந்த அறிவு எப்படிச் சேர்ந்தது என்பதிலும் உயிர்கள் இருக்கின்றன. 1875 ஏப்ரல் 15 அன்று பாரிஸிலிருந்து ஜெனித் என்ற பலூனில் மூன்று பேர் ஏறினார்கள்: கஸ்தோன் திஸாந்தியே, குரோசே ஸ்பினெல்லி, சிவெல். மேலே காற்று மெலியும் என்பது அவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சு உடலியங்கியலாளர் பால் பெர்ட் தன் அழுத்த அறையில் இதைச் சோதித்துக் காட்டியிருந்தார். ஆக்சிஜன் பைகளையும் அவர்கள் எடுத்துப்போனார்கள். எடுத்துப்போகும் அளவு போதாது என்று பெர்ட் எழுதிய கடிதம் நேரத்துக்கு வந்துசேரவில்லை. 8,000 மீட்டருக்கு மேலே போனதும், கைக்கெட்டும் தூரத்தில் குழாய் தொங்கிக்கொண்டிருக்க, அதை எடுத்து வாயில் வைக்கக் கை எழவில்லை. பலூன் தானாக இறங்கியபோது திஸாந்தியே மட்டும் உயிரோடிருந்தார். அந்த நேரத்தில் வலியோ பயமோ இருக்கவில்லை, உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சிதான் இருந்தது என்று அவர் பின்னால் எழுதினார். ஆக்சிஜன் குறைவின் கொடுமை இதுதான். மூச்சுத்திணறலை உண்டாக்குவது முக்கியமாகக் கரியமில வாயு சேர்வது. மெலிந்த காற்றில் அது சேர்வதில்லை, ஆகவே அபாயமணி அடிப்பதில்லை. மூளையே முதலில் மங்குவதால், மங்குகிறது என்று கண்டுபிடிக்க உள்ளே ஆளில்லை.

130 ஆண்டு கழித்தும் அதே கதை நடந்தது. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து ஏதென்ஸுக்குப் புறப்பட்ட ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தில் கேபின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் தானியங்கி நிலையில் இல்லாமல் கைமுறை நிலையில் விடப்பட்டிருந்தது. மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்தது. எச்சரிக்கை ஒலி எழுந்தது, விமானிகள் அதை வேறு எச்சரிக்கை என்று எண்ணினார்கள். அதன்பின் சரியாக யோசிக்கும் நிலையில் அவர்கள் இல்லை. எரிபொருள் தீரும்வரை விமானம் தானாகப் பறந்து, கிரீஸ் நாட்டில் மலைச்சரிவில் விழுந்தது. 121 பேரும் இறந்தார்கள். 25,000 அடியில் ஆக்சிஜன் இல்லாமல் ஒருவர் பயனுள்ள வேலை செய்யக்கூடிய நேரம் மூன்று முதல் ஐந்து நிமிடம். 35,000 அடியில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். முகமூடி விழுந்தால் முதலில் நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள், பிறகு குழந்தைக்கு மாட்டுங்கள் என்று விமானப் பணிப்பெண் சொல்வதன் பின்னால் இந்தக் கணக்கு நிற்கிறது.

உடம்பு பொய் சொல்லும் இன்னோர் இடம் காது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களில் திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது அந்தத் திரவம் பின்தங்கி, உணர்நுனிகளை வளைத்து, திரும்புகிறோம் என்று மூளைக்குச் சொல்கிறது. வாளியைத் தொடர்ந்து சுழற்றினால் தண்ணீரும் கூடவே சுழலத் தொடங்கிவிடுவதுபோல, ஒரே வேகத்தில் இருபது நொடி அளவு திரும்பிக்கொண்டிருந்தால் திரவமும் ஈடு கொடுத்துவிடும். பிறகு திரும்பும் உணர்வே இருக்காது. நிறுத்தினால் எதிர்ப்பக்கம் திரும்புவதாகத் தோன்றும். நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரானியின் பெயரால் வழங்கும் நாற்காலியில் உட்காரவைத்து இதை விமானிகளுக்குக் காட்டுவார்கள். அலுவலகச் சுழல்நாற்காலியில் கண்ணைக் கட்டிக்கொண்டு, மெதுவாகச் சுற்ற ஒருவரைத் துணைக்கு வைத்தாலும் இது நடக்கும்.

1978 ஜனவரி 1 அன்று மும்பையிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' ஜம்போ விமானம் இரவு நேரத்தில் அரபிக்கடலின் மேலே வந்ததும், விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவிகளில் ஒன்று தவறாகக் காட்டியது. கீழே இருண்ட கடல், மேலே கரிய வானம். கண்ணுக்குத் தொடுவானம் இல்லை. வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் கருவி காட்ட, கேப்டன் இடப்பக்கம் திருப்பினார். உண்மையில் விமானம் அதன் பிறகுதான் சாயத் தொடங்கியது. அவருடைய காது அதை மறுத்துச் சொல்லவில்லை. பாந்திரா கடற்கரைக்குச் சற்றுத் தொலைவில் 213 பேரோடு விமானம் கடலில் விழுந்தது. அனுபவம் மிகுந்த விமானிக்கு நேர்ந்தது இது. திறமைக் குறைவு என்று இதைக் கடந்துபோவது அநியாயம். மனிதக் காது நடப்பதற்கென்று அமைந்தது.

விமானிகளைப் பரிசோதிக்கும் டாக்டரின் வேலை பயணியைப் பரிசோதிப்பதிலிருந்து முற்றிலும் வேறு. 1972 ஜூன் 18 அன்று லண்டனுக்கு அருகே ஸ்டெயின்ஸில் ஒரு டிரைடன்ட் விமானம் விழுந்து 118 பேர் இறந்தார்கள். கேப்டனின் இதயத் தமனிகளில் முற்றிய நோய் இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. விமானிகளுக்கு நோய் எந்த அளவுவரை பொறுக்கலாம் என்ற கேள்வி அதன்பின் கூர்மையானது. 1980களில் பிரிட்டனில் இதயநோய் வல்லுநர்கள் கூடி ஒரு கணக்குக்கு வந்தார்கள். ஓர் ஆண்டில் திடீரென்று செயலிழக்கும் வாய்ப்பு 1 சதவீதத்துக்குள் இருந்தால், இரண்டு விமானிகள் உள்ள விமானத்தை அவர் ஓட்டலாம். இது வாயில் வந்த எண் கிடையாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 மணி நேரம். ஆக, 1 சதவீதம் என்பது மணிக்குப் பத்து லட்சத்தில் ஒன்று. ஏறுவதும் இறங்குவதுமான இக்கட்டான நேரம் பயணத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒருவர் சாய்ந்தாலும் மற்றவர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சமாளித்துவிடுவார். பெருக்கிப் பார்த்தால் நூறு கோடி பறக்கும் மணி நேரத்துக்கு ஒரு விபத்து. விமானத்தின் இயந்திரப் பாகங்களுக்கு எதிர்பார்க்கும் அதே பாதுகாப்பு. சாதாரண மருத்துவத்தில் நோயாளிக்கு எது நல்லது என்று கேட்கிறோம். இங்கே, தான் ஒருபோதும் பார்க்கப்போகாத இருநூறு பேருக்காக எண்ணைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

எதிரே உட்கார்ந்திருப்பவர் நோயை ஒளிக்கவும் காரணம் இருக்கிறது. உரிமம் போனால் வாழ்க்கை போயிற்று. வட அமெரிக்க விமானிகளிடம் நடத்தி 2022இல் வெளியான ஓர் ஆய்வில், உரிமத்துக்குப் பயந்து மருத்துவ உதவியைத் தவிர்த்ததாகப் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் துணை விமானி 150 பேரோடு விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதவிட்ட பிறகு உலகமே விமானிகளின் மனநலத்தைப் பற்றிப் பேசியது. பரிசோதனையை இறுக்கினால் மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. இறுக்க இறுக்க ஒளிப்பதும் கூடும். விமானி நம்பிப் பேசக்கூடிய, உடனே பேனாவை எடுத்து 'தகுதியற்றவர்' என்று எழுதிவிடாத டாக்டர்கள் வேண்டும். அதற்கு விதி தெரிந்தால் மட்டும் போதாது, விதி எந்தக் கணக்கில் பிறந்தது என்றும் தெரிந்திருக்கவேண்டும்.

இதையெல்லாம் முறையாகப் படிக்க இந்தியாவில் முதன்மையான இடம் சந்தாபுராவிலிருந்து தொலைவில் இல்லை. சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி, பழைய விமான நிலையச் சாலையில் எச்.ஏ.எல். அருகே விமானபுராவில் இந்திய விமானப் படையின் ஏரோஸ்பேஸ் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 1957இல் விமான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியது. ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இங்கே மூன்றாண்டு எம்.டி. படிப்பு நடக்கிறது. போர் விமானி வளைந்து திரும்பும்போது உடல் எடை பல மடங்காகும். இதயத்திலிருந்து மூளை சுமார் 30 சென்டிமீட்டர் மேலே இருப்பதால், ஒவ்வொரு மடங்குக்கும் 22 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் அந்த ஏற்றத்துக்கே செலவாகும். ஐந்து மடங்கில் மூளைக்கு எதுவும் மிஞ்சாது. அதைத் தாங்கப் பழக்கும் ராட்சதச் சுழற்சி இயந்திரம் இங்கே இருக்கிறது. காற்றழுத்தம் குறைக்கும் அறையும் இருக்கிறது. ககன்யான் விண்வெளிப் பயணத்துக்கான வீரர்களின் மருத்துவத் தேர்வு 2019இல் இங்கேதான் தொடங்கியது. சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும், 2025இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்வந்த சுபான்ஷு சுக்லாவும் அப்படித் தேர்வானவர்கள்.

ஆனால் நர்சிங் ஹோமில் இரவுப்பணி பார்க்கும் டாக்டர் மூன்றாண்டு வேலையை விட்டுவிட்டு எம்.டி. படிக்கமுடியாது, இடங்களும் மிகக் குறைவு, அவற்றில் பெரும்பகுதி படைமருத்துவர்களுக்கு. அவருக்குத் தொலைநிலைக் கல்வி ஒரு வழி. இதில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம். வெலிங்டனில் உள்ள அதன் துறை, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் டாக்டர்களுக்கென்றே விமான மருத்துவத்தில் முதுநிலைப் பட்டயமும் முதுநிலைப் பட்டமும் தருகிறது: விமான உடலியங்கியல், விமானிகளின் உடல்நலம், நோயாளிகளை வான்வழி கொண்டுசெல்வது என்று தனித்தனிப் பாடங்கள். பல நாட்டு டாக்டர்கள் தங்கள் ஊரிலிருந்தே படிக்கிறார்கள். நம் நாட்டில் இது எம்.டி.க்கு ஈடாகாது, தொலைநிலையில் எம்.டி. என்ற ஒன்றே இங்கே கிடையாது. விமானிகளைப் பரிசோதிக்கும் டாக்டர்களின் பட்டியலில் சேர, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.யின் விதிகள்தான் அளவுகோல். சேர விரும்புகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளவேண்டும். கவர்ச்சியான சான்றிதழ்களுக்கு இணையத்தில் பஞ்சமில்லை.

இந்தத் துறையின் பெரும்பகுதியைத் தொலைவிலிருந்து படிக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மேலே சொன்ன கணக்குகள் எல்லாவற்றையும் இரவு பத்து மணிக்கு மேல் மேசையில் உட்கார்ந்து போட்டுவிடலாம். விபத்து அறிக்கைகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. அவற்றைவிட நல்ல பாடநூல் இல்லை. இன்னொரு பயனும் உண்டு. அமெரிக்காவை மையமாகக் கொண்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து விமான நிறுவனங்களில் நேர்ந்த 11,920 மருத்துவ அவசரங்களை அலசியது. 604 பயணத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அவை நேர்ந்திருந்தன. அவற்றில் ஏறக்குறைய பாதியில் பயணிகளில் இருந்த ஒரு டாக்டர்தான் எழுந்துவந்து உதவினார். மயக்கமும் மயக்கம் வருவதுபோன்ற தலைசுற்றலுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல். எழுந்துவரும் அந்த டாக்டர் பல்மருத்துவமனையிலோ தோல்நோய்ப் பிரிவிலோ வேலை பார்ப்பவராக இருக்கலாம். கேபினில் ஆக்சிஜன் அளவு 91 காட்டினால் அது அங்கே இயல்பு என்பதும், விமானத்தைத் திருப்பச் சொல்லவேண்டிய நிலை எது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

தொலைவிலிருந்து படிக்கமுடியாதது அழுத்த அறை. 25,000 அடி நிலைக்குக் கொண்டுபோய், முகமூடியைக் கழற்றச் சொல்லி, கையில் தாளும் பேனாவும் கொடுத்து 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுதச் சொல்வார்கள். 93, 86, 79 வரை அழகாக வரும். பிறகு எண்கள் தடுமாறும், எழுத்து கோணும், எழுதுபவர் புன்னகைத்துக்கொண்டே இருப்பார். ஒருவருக்கு விரல்நுனி மரத்துப்போவது முதல் அறிகுறி, இன்னொருவருக்குக் காரணமில்லாத சிரிப்பு, வேறொருவருக்கு நிறங்கள் மங்குவது. அவரவருக்கு எது முதலில் வரும் என்பதை அவரவர் அனுபவித்துத்தான் அறியவேண்டும். திஸாந்தியே எழுதியதைப் படித்தவர்களுக்குக்கூட, தன் கையெழுத்தைப் பிறகு பார்க்கும்போதுதான் அது உறைக்கும் என்று அந்த அறைக்குள் போய்வந்தவர்கள் சொல்வார்கள்.

ஆகவே எனக்கு வேண்டியது இரண்டும் சேர்ந்த ஒரு படிப்பு. கருத்தியல் பாடங்கள் ஓராண்டு இணையவழியில் நடக்கட்டும், தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் சிற்றூர்களில் இருக்கும் டாக்டர்களும் சேரக்கூடிய கட்டணத்தில். நேர்முறைப் பயிற்சிக்கு இரண்டு வாரம் விமானபுராவுக்கு வரட்டும். அழுத்த அறையும் சுழல்நாற்காலியும் அங்கே தயாராக இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த ஈ-பிளேன் நிறுவனம் 788 மின்சார ஏர் ஆம்புலன்ஸ்களைத் தர 2025இல் ஒப்பந்தம் செய்திருக்கிறது. அவற்றில் பாதி பறந்தாலும், ஒவ்வொன்றிலும் நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். அவர் இப்போது எங்கேயோ ஒரு மருத்துவமனையில் சாதாரண டாக்டராக இருக்கிறார், இன்னும் இதைப் படிக்கத் தொடங்கவில்லை. அதுவரை ஓசூர் சாலையில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால், கையெழுத்துக்கு முன் கேட்கவேண்டியவை அதிகமில்லை: நெஞ்சின் கடைசி எக்ஸ்ரே எந்தத் தேதியில் எடுத்தது, ஹீமோகுளோபின் எவ்வளவு, கண்ணிலோ வயிற்றிலோ அண்மையில் அறுவை நடந்ததா, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நடுவே எந்த ஊரில் இறங்கி மாறுகிறார்.